உறைக்கவில்லை

காசிமேட்டில் ஐஸ் ஃபாக்டரி.
பில் போடுவது என் வேலை.
கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் குளிர்
என்று ஏற்பாடு.
குளிர் அதை ஒப்புக்கொண்டதில்லை.

சித்திரையிலும் ஸ்வெட்டர் போடுவேன்.
மெரூன் நிறம், ஒரு பொத்தான் மட்டும் வெள்ளை.
"இன்னா மேடம், சிம்லா போறியா?"
என்பான் தேசிங்கு,
கைலியை மடித்துக் கட்டி
உப்புத்தண்ணீரில் வெறுங்காலோடு நின்றபடி.
கொக்கியால் இழுத்த ஐஸ் பாரை
வெறுங்கையால் திருப்பிப் போடுவான்.
கல்லில் தோசையைத் திருப்புகிறவள்கூட
அத்தனை அலட்சியமாய்த் திருப்பமாட்டாள்.

புதுப் பையன் யார் வந்தாலும் பந்தயம்.
பாரின்மேல் உள்ளங்கை வைத்து
அதிக நேரம் எடுக்காமல் இருப்பது யார்.
தோற்றவன் டீயும் ரெண்டு பஜ்ஜியும் வாங்கித்தர வேண்டும்.
இந்த ஆறு வருடத்தில்
தேசிங்கு டீக்குக் காசு கொடுத்து நான் பார்த்ததில்லை.

கேம்ராஜ் மட்டும் பந்தயத்துக்கு வரமாட்டான்.
நேபாள எல்லையோர மலைக்காரன்.
தை மாதம் ஒருநாள்
'நடுங்குகிறது சென்னை, இருபது டிகிரி' என்று
பேப்பரை அவனுக்குப் படித்துக் காட்டினேன்.
மொட்டை மாடியில் சட்டையில்லாமல் தூங்கி எழுந்து வந்தவன்
சிரிக்கவில்லை.
"எங்க ஊர்ல இது நல்ல செய்தி" என்றான்.
அதே கேம்ராஜ்தான்
கத்திரி வெயிலில் முதல் ஆளாய்ச் சுருண்டு விழுந்தான்.
தேசிங்கு அவன் தலையில்
ஐஸ் தூளை அள்ளிக் கொட்டினான்,
மீனுக்குக் கொட்டுவதுபோல.

முதலாளி மகன் நூற்றிப்பத்து கிலோ.
ஏசியைப் பதினெட்டில் வைத்தும் வேர்க்கிறது அவனுக்கு.
நான் நாற்பத்தொன்று.
அவனுக்குப் போர்வையை உள்ளே வைத்துத் தைத்துவிட்ட ஆண்டவன்
எனக்கு மட்டும்
'நீயே பின்னிக்கோ' என்று
நூலைக் கையில் கொடுத்துவிட்டான்.
இப்படித்தான் நான் கணக்கு வைத்திருந்தேன்.

தடைக்காலம். படகெல்லாம் கட்டிக் கிடந்தது.
வேலையில்லாத நேரம் பார்த்து
மாநகராட்சி மருத்துவ முகாம்.
சின்ன வயசு டாக்டர்
என் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.
"வெளுத்துக் கிடக்கே."
விரலில் குத்தி எடுத்ததில் ஏழு புள்ளி நாலு.
"குளிர் உங்களைத் தேடி வரலைம்மா.
உள்ள சூடு பத்தல.
ரத்தத்துல இரும்பு குறைஞ்சா அப்படித்தான்."
ஐஸ் ஃபாக்டரி பில் கிளார்க்குக்கு இது புரியும்:
ஆர்டர் இருக்கிறது, லோடுமேன் லீவு.

அடுத்தது தேசிங்கு.
கண்ணை மூடச் சொன்னார்.
தூண்டில் நரம்புபோல ஒன்றை எடுத்து
"தொட்டா சொல்லுங்க" என்றார்.
பெருவிரலில் தொட்டார். சுண்டுவிரலில்.
குதிகாலில், பாதத்தின் நடுவில்,
மறுபடி பெருவிரலில்.
நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
கண்ணை மூடியபடியே தேசிங்கு சொன்னான்:
"ஆரம்பிங்க டாக்டர்."

சர்க்கரை முந்நூற்று எழுபது.
எத்தனை வருடமாகவோ.
பந்தயத்துக்கு
எதிராளி வரவே இல்லை போலிருக்கிறது.
ஜெயித்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

வட்டிக்காரன் வாசலில் நின்று
"உனக்கு உறைக்கவே உறைக்காதாடா?" என்று கத்தியதை
முன்பெல்லாம் நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பான்.
இப்போது டாக்டர் சீட்டிலும்
அதையேதான் எழுதியிருக்கிறார்கள், இங்கிலீஷில்.
அதை அவன் நடித்துக் காட்டவில்லை.

மூன்று மாதமாக மாத்திரை விழுங்குகிறேன்.
நாக்கில் துருவின் ருசி.
ஸ்வெட்டர் சில நாள் நாற்காலி முதுகில் தொங்குகிறது,
சில நாள் என்மேல்.
தேசிங்குக்கு ரப்பர் பூட்ஸ் வந்தது.
சம்பளத்தில் இருநூறு இருநூறாய்ப் பிடிக்கச் சொல்லி உத்தரவு,
பிடித்து எழுதுவது நான்.

விடிகாலை மூன்று மணி.
முதல் விசைப்படகுக்கு லோடு.
கண்ணாடியைத் தட்டுகிறான்.
"மேடம், இன்னிக்குக் குளுருதா?"
கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்கிறான்.
கையை வெளியே நீட்டிப் பார்த்து
"ரொம்ப" என்கிறேன்.
தலையாட்டிவிட்டு
கையுறையைத் தேடிப் போகிறான்.